இறந்தவர் பிரிவு

செத்துப்போனவர்களுக்குப் பணம் அனுப்புகிறவர்களைக் கூப்பிட்டு, ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்பதுதான் என் வேலை. கல்விக் கடன் வாங்கிப் படித்து, அந்தக் கடனை அடைக்க ஒரு வங்கியிலேயே வேலைக்குச் சேர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அம்மாவிடம் ‘பேங்க்ல வேலை’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் விளக்கினால் அவளுக்குச் சோறு இறங்காது.

பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடி. ‘இறந்தவர் கணக்குக் கண்காணிப்புப் பிரிவு’ என்று பலகை. கேன்டீனில் எங்களைச் சுடுகாட்டு ஆளுங்க என்பார்கள். சேர்ந்த புதிதில் மேலாளர் ஹேமலதாவிடம் கேட்டேன்.

“செத்தவங்கள எதுக்கு மேடம் இப்படித் துரத்தறோம்?”

“கேள்வி கேட்டா பதில் சொல்ல மாட்டாங்க இல்ல, அதான்” என்றார் அவர். “போதை மாத்திரை விக்கறவன், ஆன்லைன்ல ஏமாத்தறவன், தேர்தலுக்குப் பணம் பதுக்கறவன், எல்லாருக்கும் ஒரு கணக்கு வேணும். ஆனா அதுக்குப் பின்னாடி ஆள் இருக்கக் கூடாது. செத்தவன விட்டா வேற யாரு? பத்து செத்தவன் கணக்குல உள்ள போய் வெளிய வந்தா கறுப்பு வெள்ளையாயிடும். வெளிநாட்டுக்காரங்க வேற வருஷா வருஷம் வந்து நம்ம நாட்டுக்கு மார்க் போடறாங்க. ஃபெயில் ஆனா நம்ம பேங்க்கோட எவனும் வியாபாரம் பண்ண மாட்டான்.”

“பெரிய பணமெல்லாம் உயிரோட இருக்கறவங்க பேர்லதானே மேடம் இருக்கு?”

“டீ ஆறுது மோனிஷா. குடி.”

எங்கள் இயந்திரத்துக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. நாங்கள் சல்லடை என்போம். முன்பெல்லாம் வீட்டார் வந்து சொன்னால்தான் ஒருவர் செத்தது வங்கிக்குத் தெரியும். சல்லடை யார் சொல்வதற்காகவும் காத்திருக்காது. ஊராட்சிப் பதிவு, மின்மயான ரசீது, செய்தித்தாள் எல்லாவற்றையும் துழாவும். அதோடு சுவர்களையும் படிக்கும். நம் ஊரில் சாவைப் போஸ்டரைவிட வேகமாகப் பதிவு செய்யும் ஆபீஸ் கிடையாது என்று அதை எழுதியவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டு கண்கள், கன்னத்தில் துளி, நடுவில் படம், கீழே பெயர். தெருக் கேமராவில் அது பட்டதும் முகத்தையும் பெயரையும் கணக்கோடு பொருத்தி, கணக்கை முடக்கி, கோப்பை எங்களிடம் தள்ளிவிடும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நம் ஆட்கள் பொய்யாக என்னென்னவோ சுவரில் ஒட்டுவார்கள், சாவைப் பொய்யாக ஒட்டமாட்டார்கள் என்று சல்லடை நம்பியது.

மதுமிதாவின் கோப்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஈரோட்டுப் பக்கம் கரட்டுப்பாளையம் என்ற ஊரின் பஸ் நிறுத்தத்தில் புதிதாகக் கேமரா வைத்திருக்கிறார்கள். வைத்த வாரமே அது ஒரு போஸ்டரைப் பிடித்திருந்தது. கல்லூரி அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம். ‘எங்கள் அன்பு மகள் அகால மரணம்.’ தேதி போன வருடத்தது. காகிதம் மட்டும் நேற்று ஒட்டியதுபோல் இருந்தது. கீழே தந்தை நல்லசிவம் என்றும், அதற்கும் கீழே பங்காளிகள் பெயர்கள் ஒரு படையாகவும். ஆனால் அந்தக் கணக்கில் சம்பளம் ஏறிக்கொண்டிருந்தது. மாதா மாதம் சாந்தாமணி என்ற பெண்ணிடமிருந்து சின்னத் தொகை ஒன்றும் வந்துகொண்டிருந்தது.

அனுப்பியவரை முதலில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. கூப்பிட்டேன்.

“சாந்தாமணிங்களா? பேங்க்லேருந்து பேசறேன். மதுமிதாங்கறவங்க கணக்குக்குப் பணம் அனுப்பறீங்க. அவங்க உங்களுக்கு யாரு?”

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

“தப்பா அழுத்திட்டனுங்க.”

“மாசா மாசம் தப்பா அழுத்தறீங்களா?”

“ஆமாங்க. கண்ணு தெரியறதில்லீங்க.”

“ஒரே தொகையத் தப்பா அழுத்தறீங்களே?”

“அம்மிணி, சத்தமாப் பேசாதீங்க” என்றவர் உடனே வேறு குரலில், யாருக்கோ கேட்கும்படி, “அதெல்லாம் எங்களுக்கு லோனு வேண்டாமுங்க!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

அன்று மதியமே இன்னொரு அழைப்பு. வாடிக்கையாளர் சேவையிலிருந்து என்னிடம் தள்ளிவிட்டிருந்தார்கள்.

“அக்கா, நான் செத்துட்டேன்னு உங்க ஆப் சொல்லுதுங்கக்கா. வருத்தம் தெரிவிச்சு ஒரு பூப்படம் வேற வருது.”

மதுமிதா. வயது இருபத்து நான்கு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் வேலை. வயிற்றில் எட்டு மாதம். கணவன் அருள்தாஸ், எலக்ட்ரீசியன். வேறு சாதி, எந்தச் சாதி என்று அவள் சொல்லத் தயங்கியதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் சாதியைச் சொல்லத்தான் ஜனங்கள் அப்படித் தயங்குவார்கள்.

“கல்யாணம் பண்ணின மூணாம் நாளு போஸ்டர் ஒட்டிட்டாங்கக்கா. எங்கூர்ல அப்படித்தான். தலை முழுகிட்டாங்க.”

“அந்த சாந்தாமணி உங்க அம்மாவா?”

“ம். நாங்க பேசறதில்லக்கா. வீட்டுல போனெல்லாம் பெரியப்பா பையன்கிட்டப் போயிட்டுத்தான் வரும். அந்தக் காசு வந்துச்சுன்னா அம்மா நல்லாருக்காங்கன்னு அர்த்தம். நான் எடுத்துட்டேன்னா நான் நல்லாருக்கேன்னு அவங்களுக்கு அர்த்தம். அவ்வளவுதான்.” மூச்சு வாங்கினாள். “சம்பளம் உள்ள மாட்டிக்கிச்சுக்கா. ஆஸ்பத்திரி அட்டையும் அந்தக் கணக்கோடதான் இருக்கு. செத்தவங்களுக்குப் பிரசவம் பாக்க மாட்டோம்னு சிரிக்கறாங்க.”

என் திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. இறந்தவர். உயிருடன். மூன்றாவது கிடையாது. இறந்தவர் என்றால் இருக்கும் பணம் வாரிசுதாரருக்குப் போகும், கூடவே கடைசி மாதங்களின் வரவு செலவும் போகும். எந்த ஊர் மருந்துக்கடை, எந்த ஊர் மளிகை என்று எல்லாம். உயிருடன் என்றால், எந்தக் கிளையில் நேரில் வந்து நிரூபித்தார் என்பதோடு வாரிசுதாரருக்கு அறிவிப்பு போகும். கல்லூரிக் காலத்தில் தொடங்கிய கணக்கு. வாரிசுதாரர் பெயர், நல்லசிவம்.

ஹேமலதாவிடம் போனேன்.

“எதுக்கு மேடம் அப்பனுக்கு அறிவிப்பு?”

“செத்தவங்கள உயிரோட இருக்கறதா காட்டித்தான் பாதி மோசடியே நடக்குது. குடும்பத்துக்குச் சொல்லாம உயிர் குடுத்தா நாளைக்கு எவனாவது உங்க தாத்தாவுக்கும் உயிர் குடுப்பான். விதி தப்பில்ல மோனிஷா. இந்தப் பொண்ணுக்குத்தான் பொருந்தல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நிலுவையில போட்டு வை. முடிவு பண்ணாத.”

“எத்தன நாளைக்கு?”

“முடியற வரைக்கும்.”

“அந்தப் பொண்ணுக்கு எட்டு மாசம். நிலுவையில வைக்க முடியாது.”

“உனக்குக் கோவம் வருது. அது எனக்குப் புரியுது. ஆனா கோவத்தோட பொத்தான அழுத்தாத.”

அவருக்குப் புரியாது என்று நினைத்தேன். மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் போகிறவர். நிலுவையில் வைக்கிற வசதி அவருக்கு இருக்கிறது. எங்கள் சனத்தை நூறு வருடமாக நிலுவையிலேயே வைத்திருந்தார்கள். உயிரோடு இருப்பதற்கு ஒரு பெண் அப்பனிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றால், நான் படித்த படிப்பு எதற்கு?

மதுமிதாவைக் கூப்பிட்டேன். அறிவிப்பு போகும் என்பதை மறைக்கவில்லை.

“போகட்டும்கா” என்றாள். உடனே, “ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றாள்.

“ராஜபாளையத்துல காட்ட வேணாம். தென்காசி போய் அங்க கிளையில முகத்தக் காட்டிட்டு வந்துடு. காகிதத்துல தென்காசின்னுதான் இருக்கும். தேடினாலும் அங்கதான் தேடுவானுங்க.”

எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது. திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் போய்க் காட்டிவிட்டு வந்தாள். நான் ‘உயிருடன்’ என்பதை அழுத்தினேன். நன்றாக அழுத்தினேன்.

மூன்றாம் நாள் வரவேற்பறையிலிருந்து, உங்களைப் பார்க்க ஒரு பெரியவர் என்றார்கள். அறிவிப்பின் அடியில் என் பெயரும் இந்த முகவரியும் இருக்கும். நல்லசிவம்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. மகளின் நெற்றி. வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது, இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த கசங்கல். கூட்ட அறைக்குக் கூட்டிப்போய், பாதுகாப்பு ஆளை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன்.

“உங்க பொண்ணு எங்க இருக்கான்னு நான் சொல்ல மாட்டேன்” என்றேன். உட்காரச் சொல்லவில்லை.

“வேண்டாமுங்க அம்மிணி. அதத்தான் கேட்டுக்கலாம்னு வந்தனுங்க. எனக்குச் சொல்லீராதீங்க.”

அவரே உட்கார்ந்தார்.

“அவள மறுபடியும் செத்தவளா மாத்தி வெய்யுங்க.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “கொல்ல முடியலன்னதும் பேங்க்க வெச்சுக் கொல்லப் பாக்கறீங்களா? போன வருஷம் ஒட்டின போஸ்டர இன்னும் புதுசு புதுசா ஒட்டறீங்க. அவ்வளவு வெறியா?”

“மழையில கிழிஞ்சுபோயிருமுங்க. கிழிஞ்சா மறுபடி ஒட்டோணும்.” மேசையைப் பார்த்தபடி பேசினார். “போஸ்டர் ஒட்டிட்டா எங்க சனத்துல கத முடிஞ்சுதுங்க. செத்தவளத் தேடிப் போறவனப் பாத்து ஊரே சிரிக்கும். அதுக்காவத்தான் மூணா நாளே ஓடிப்போய் அச்சுக்குக் குடுத்தேன். அண்ணம் பசங்க அருவாளோட வண்டி ஏறிட்டானுங்க. நான் போஸ்டரக் காட்டி எறக்கினேன்.”

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“நீங்க அனுப்பிச்ச மெசேசு எம் போனுக்கு வந்துச்சுங்க. எனக்கு எங்க படிக்கத் தெரியுது? அண்ணம் பையன்தான் படிச்சான். டீக்கடையில, பத்துப் பேரு மத்தியில. ‘தங்கள் மகள் மதுமிதா உயிருடன் உள்ளார், தென்காசிக் கிளை.’ கெவருமெண்டே சொல்லீருச்சேன்னு ஒருத்தன் சிரிச்சான். அவ்வளவுதானுங்க. ரெண்டு காரு கெளம்பீருச்சு.”

“போலீசுக்குச் சொல்ல வேண்டியதுதானே?”

“அதே டீக்கடையிலதான் அவங்களும் டீ குடிக்கறாங்க.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். “அம்மிணிக்கு எந்தூருங்க?”

இந்தக் கேள்வி எதற்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். “திண்டிவனம் பக்கம். காலனி” என்றேன்.

டம்ளரைப் பிடித்திருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு எடுத்துக் குடித்தார். அதற்காக அவருக்கு மாலை போட எனக்குத் தோன்றவில்லை. பயந்த மனிதர். மகளைக் காப்பாற்றினாரே தவிர, மகள் செய்தது சரி என்று அன்றைக்கும் அவர் வாயில் வரவில்லை.

“கார் எங்க இப்ப?” என்றேன்.

“ஊரத் தாண்டறதுக்குள்ள திருப்பிட்டனுங்க. அவனுங்க முன்னாடியே போனக் காதுல வெச்சுக்கிட்டு யாருகிட்டயோ பேசற மாதிரிப் பேசினேன். ஐயோன்னு கத்தினேன். வாயில வந்தபடி, பிரசவத்துல போயிட்டா, அவங்க ஆளுங்க அங்கயே எரிச்சுட்டாங்கன்னு சொல்லீட்டேன். அந்தத் தெருவுக்குப் பொணத்தப் பாக்கக்கூட எங்க சனம் போவாதுங்க.” வாயைத் துடைத்துக்கொண்டார். “புதுப் போஸ்டர் அடிச்சு, நேத்தே பஸ் நிறுத்தத்துல ஒட்டீட்டேன். இந்தத் தடவ நேத்தைய தேதி. இனி உங்க பேங்க்குல உசுரோடன்னு இருந்தா எல்லாம் வீணாப்போயிரும். மறுபடியும் ஒரு மெசேசு வந்துச்சுன்னா என்னால நடிக்க முடியாதுங்க.”

“ஒரு தடவை நடிச்சதையே எப்படி நம்பினாங்க? நீங்க சொன்னா நம்பிடுவாங்களா?”

“நான் சொல்லி எங்க நம்பினானுங்க. சாந்தா அழுததப் பாத்துத்தான் நம்பினானுங்க.”

“அவங்க அவ்வளவு நல்லா நடிப்பாங்களா?”

அவர் டம்ளரின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். எனக்குப் புரிய நேரமாயிற்று.

“அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா அவளால அழுவ முடியாதுங்க. தப்பா அழுத்திட்டேன்னுகூட ஒழுங்காச் சொல்லத் தெரியாதவ.”

“எப்பச் சொல்லுவீங்க?”

“காரியம் முடியட்டும். பசங்க அடங்கட்டும்.” எழுந்தார். “எப்பன்னு தெரியலீங்க அம்மிணி.”

மதியப் பஸ்ஸைப் பிடித்தால்தான் மறுநாள் சடங்குக்கு இருக்க முடியும் என்றார். கதவருகில் நின்று, கணக்கிலிருக்கிற பணம் தனக்குத்தானே வரும் என்று கேட்டார். ஆமாம் என்றேன். “கருமாதிக்குச் செலவு பண்ணித்தான் ஆவோணும். பங்காளிக கேப்பானுங்க” என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அவர் லிஃப்டில் இறங்கியதும் ஹேமலதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று அவர் குத்திக்காட்டியிருக்கலாம். செய்யவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“சல்லடை புதுப் போஸ்டரப் பிடிச்சுடுச்சா?”

“பிடிச்சுடுச்சு. என் திரையில வந்து நிக்குது. நான் உறுதி பண்ணினா முடிஞ்சுது.”

“பண்ணப் போறியா?”

“அவ பணத்த எடுத்த பிறகு பண்றேன். கணக்குல ஒண்ணும் இல்லன்னா வரவு செலவுத் தாளும் அப்பனுக்குப் போகாது. அவ சம்பளத்துல அவளுக்கே கருமாதிச் சோறு போட விடமாட்டேன்.”

“செத்த மறுநாளே மொத்தப் பணத்தையும் யாரோ எடுத்திருக்காங்கன்னா அத விடப் பெரிய மோசடி அடையாளம் கிடையாது. உன் பேரோட மேல போகும்.”

“போகட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். “படிக்கட்டுல போய்ப் பேசு. உன் சொந்தப் போன்ல.”

ஏழாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே சிகரெட் நாற்றத்தில் உட்கார்ந்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அக்கா! சம்பளம் வந்துருச்சுக்கா! அட்டையும் வேல செய்யுது. நேத்து ஸ்கேன் எடுத்துட்டோம். எல்லாம் உங்களாலதான்.”

“மது, கேளு. கணக்குல இருக்கறது மொத்தத்தையும் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுத்துடு. ஒரு ரூபா வைக்காத.”

“ஏன்கா?”

சொன்னேன். கார்களைப் பற்றிச் சொன்னேன். புதுப் போஸ்டரைப் பற்றிச் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். அவள் அந்த வார்த்தையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்னால் ஒரு ஆட்டோ நின்று, யாரோ இறங்கி, ஆட்டோ போனது.

“எப்படிச் செத்தேனாம்?”

“பிரசவத்துல.”

“அதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. “இனி அட்டைக்கு என்னக்கா பண்றது? குழந்தைக்கு அம்மா பேரு கேப்பாங்களே?”

“அருள்தாஸ் பேர்ல ஒரு அட்டை வாங்கலாம். பேரு விஷயம் எனக்கு இன்னும் தெரியல. யோசிக்கறேன். நெஜமாவே தெரியல.”

“எத்தன வருசத்துக்கு?”

“அதுவும் தெரியல.”

“அப்பாவா வந்தாரு? அங்கயா? அவரு ஈரோட்டத் தாண்டிப் போனதே இல்லக்கா.” மூக்கை உறிஞ்சினாள். “என்னயப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?”

“ஒண்ணும் கேக்கல. கேக்கக் கூடாதுன்னே வந்தாரு.”

ஆறாவது மாடிக் கதவைத் திறந்த ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

“அம்மாவுக்குத் தெரியும்தானேக்கா?” என்றாள். “அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தானே ஒட்டியிருப்பாரு?”

“தெரியும்” என்றேன். அது போதாது என்று பட்டது. “அம்மாதான் போஸ்டருக்குப் படமே தேடி எடுத்துக் குடுத்தாங்களாம்.”

“அப்பாடா” என்றாள் மதுமிதா. “ஆனா அம்மாவுக்கு நடிக்கவே வராதுக்கா. அத்தன பேரு முன்னாடி எப்படி அழுவப் போறாங்களோ.”